ஆறாவது வரி

ஆறாவது முகாமின் பெயர் ஸ்லைடிலிருந்து விழுந்த அன்று, அந்த முகாம் இருந்த குன்றும் காணாமல் போனது. அரிசி மூட்டைகளோடு போன லாரி சுமை இறங்காமலே சாயங்காலம் திரும்பி வந்தது. ஐந்தாவது முகாமைத் தாண்டியதும் வலப்பக்கம் மேலே ஏறவேண்டிய பாதை இல்லை, சாலை தன் பாட்டுக்கு நேராகப் போய் ஆற்றங்கரையில் முடிகிறது என்று டிரைவர் சொன்னார். வாயை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. மறுநாள் வேறு டிரைவரை அனுப்பினார்கள், அவரும் அதையே சொன்னார். பிறகு அந்தச் சுமையை ஐந்தாவது முகாமிலேயே இறக்கிவிடும்படி உத்தரவானது. அங்கிருந்தவர்கள் அந்த மழைக்காலத்தில் கொஞ்சம் சதை போட்டார்கள்.

தலைமையகத்தில் ஸ்லைடு தயாரிக்கிறவரை எல்லோரும் அம்புக்குறி என்றுதான் கூப்பிட்டார்கள். குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர் என்று படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். ஒருமுறை எழுத்தர் விடுப்பில் போயிருந்தபோது வரைபடத்தின் மேல் ஒரு சிவப்பு அம்பு போட்டுக் கொடுத்தார். அந்த அம்பு வளைந்து போன அழகைப் பார்த்து அதிகாரிகள் சொக்கிப்போனார்கள். அதோடு துப்பாக்கிக்கும் அவருக்கும் இருந்த உறவு அறுந்தது. யார் எதற்காக ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லாத அந்தச் சண்டை, எல்லையில் நடந்ததைவிட அவருடைய திரையில்தான் மும்முரமாக நடந்தது. தினமும் காலையில் கூட்டம். ஜெனரல் நடுநாற்காலியில் உட்காருவார், டீ வரும், விளக்கை அணைப்பார்கள், ப்ரொஜெக்டர் உறுமும். கீழே கம்பெனியிலிருந்து சிவப்பாகப் புறப்பட்ட செய்தி, பட்டாலியனில் மஞ்சளாகி, ஜெனரலின் முன்னால் வந்து நிற்கும்போது பச்சையாகிவிடும். காய் பழுக்கிற வரிசைக்கு நேர் எதிர். இதில் பொய் சொன்னவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஒவ்வொருவரும் அரைச் சாயம்தான் மாற்றினார்கள்.

திரையில் போட்டது தரையில் நடப்பது அங்கே புதிதும் அல்ல. முன்பொரு தடவை குறிகளுக்கு விளக்கம் சொல்லும் கட்டம் ஒன்றுக்கு இடம் போதாமல், வரைபடத்தில் ஒரு குளத்தின் மேல் அதை வைத்துவிட்டார் அம்புக்குறி. அந்த வாரம் குளத்து நீர் கட்டமாக, நான்கு மூலையும் சதுரமாகச் சுருங்கிப் போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து முறையிட்டார்கள். கட்டத்தை நகர்த்தியதும் நீர் பரவியது. அதற்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: இனிமேல் கட்டங்களைக் காட்டுப் பகுதியில் மட்டும் வைக்கவும்.

ஆறாவது வரி விழுந்ததற்குக் காரணம் ஜெனரலின் கண். வயது ஏற ஏற எழுத்து மங்கியது. கண்ணாடி போட்டுக்கொள்ள அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கியதும் முகாம்களின் நிலவரம் என்ற ஸ்லைடில் ஐந்து வரிதான் நின்றது, ஆறாவது திரைக்குக் கீழே இறங்கிவிட்டது. ஜெனரலுக்கு அது பிடித்துப்போய், கைக்கு ஐந்து விரல், ஸ்லைடுக்கு ஐந்து வரி என்று சட்டமாகவே போட்டுவிட்டார். வரி விழுந்ததை அம்புக்குறி பார்த்தார். பக்கத்தில் நின்ற கர்னலும் பார்த்தார். “அங்க என்னதான் நடக்குது? ஒண்ணும் கிடையாது. விடுங்க,” என்றார் கர்னல். அது உண்மைதான். ஆறு முகாம்களிலும் ஒரு வம்பு தும்பு இல்லாத முகாம் அதுதான். அதனால்தான் அம்புக்குறி, தன் மனைவியின் தம்பியைப் பாதுகாப்பான இடத்தில் போடவேண்டும் என்று யார் யாரையோ பிடித்து, அந்த முகாமுக்கே மாற்றல் வாங்கிக் கொடுத்திருந்தார். வம்பில்லாத இடம்தான் முதலில் வழுக்கி விழும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

குன்று போன செய்தி தலைமையகத்தில் பெரிதாக எடுபடவில்லை. முகாம்களுக்கு உணவு போய்ச் சேருவது அதுவரை எண்பத்து சொச்சம் சதவீதமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஏறுவதற்குக் கஷ்டமான குன்று போனதும் நூறைத் தொட்டது. ஜெனரல் எல்லோர் கையையும் குலுக்கினார். சம்பளப் பிரிவில் மட்டும் ஸ்லைடு பழக்கம் கிடையாது என்பதால், இல்லாத முகாமின் ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளம் தவறாமல் போனது. ஆள் இல்லாமல் சம்பளம் மட்டும் வருகிற வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

அம்புக்குறியின் வீட்டில் பேசிக்கொண்டது இது. மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். தம்பியின் போன் வரவில்லை. அடுத்த வாரம் கேட்டாள். “சிக்னல் இருக்காது,” என்றார். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அல்ல அவருடையது, ஆனாலும் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. எழுத்து பெரிதானதிலிருந்து லாரி திரும்பி வந்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. அடுப்பைத் தணித்தாள்.

“எடுத்தது யாரு?”

“எடுக்கல. விழுந்துச்சு.”

“விழுந்தத பாத்துட்டு நின்னது யாரு? நீங்கதான? அப்ப நீங்களே திரும்ப வையுங்க.” அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது.

அவர் கர்னலிடம் போனார். ஆறாவதைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றார்.

“போடலாம்,” என்றார் கர்னல். “இத்தன நாளா ஏன் இல்லன்னு ஜெனரல் கேப்பாரு. நீங்க பதில் சொல்றீங்களா, இல்ல நான் சொல்லணுமா?”

“தனியா ஒரு ஸ்லைடு கூட்டிக்கலாமே சார்.”

“கூட்டினா கூட்டம் நீளும். அவரோட டீ ஆறிடும். வேலையப் பாருங்க.”

மிச்சமிருந்தது ஒரே வழி. ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆறாவதை வைப்பது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு காலை நான்காவது முகாமின் வரியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானின் மேல் விரலையும் வைத்துவிட்டார். அப்போது கேன்டீன்காரர் டீ கொண்டுவந்து வைத்து, தன் மூத்த மகன் நான்காவது முகாமில் சமையல் பிரிவுக்கு மாறிவிட்டான், இனிமேல் வெயிலில் நிற்கவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அம்புக்குறி விரலை எடுத்துக்கொண்டார். மற்ற நான்கு வரிகளையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் தம்பி இருந்தான். இப்படி யோசிக்க ஆரம்பித்தால் இந்த வேலை செய்ய முடியாது என்று தெரிந்தும் யோசித்தார், அன்றிலிருந்து அவருக்கு ஒரு சோர்வு பிடித்துக்கொண்டது. தூங்கி எழுந்தால் போகிற சோர்வல்ல அது.

கூட்டத்தின் கடைசி ஸ்லைடு எப்போதும் ஒன்றுதான்: மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற படம், அதன்மேல் ‘கேள்விகள் உண்டா?’ என்ற எழுத்து. அது வந்ததும் ஜெனரல் எழுந்துவிடுவார், அவர் எழுந்ததும் எல்லோரும் எழுவார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் கேள்வி கேட்டது கிடையாது. அந்த ஸ்லைடை யாரும் சரிபார்த்ததும் கிடையாது. அம்புக்குறி அதில் சூரியனுக்குக் கீழே, மலையின் இருட்டில், சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ஆறாவது முகாம், அனைவரும் நலம்.

அன்று கூட்டம் முடிகிற நேரத்தில் வீட்டில் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். “அக்கா,” என்றது தம்பியின் குரல். அவ்வளவுதான், அறுந்துவிட்டது. மறுநாள் அதே நேரத்தில் “ரேஷன்” என்றான். அதற்கு அடுத்த நாள் “லாரி இன்னும்” என்றான். ஜெனரல் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைத் தாண்டும்வரைதான் அந்த ஸ்லைடு திரையில் நிற்கும். அந்த நேரத்துக்குத்தான் குன்று நின்றது, அதற்குள் எத்தனை சொல் வருமோ அத்தனைதான் வந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாக மனசில் கோத்து வைத்தாள். அந்த மாத முடிவில் ஒரு வாக்கியம் தேறியது: அக்கா, ரேஷன் லாரி இன்னும் வரல, என்ன ஆச்சுன்னு மாமாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லு, இங்க எல்லாரும் பசியா இருக்கோம். ஒரே மூச்சில் சொன்ன வாக்கியம் அது. அவனுக்கு அது இன்னும் அந்த முதல் நாள் சாயங்காலம்தான். அன்றைக்கு அவள் அம்புக்குறியோடு திரும்பப் பேசினாள். “பசியா இருக்கானாம்,” என்றாள்.

ஜெனரல் கண்ணால் பார்த்த வரி மறுநாள் கூட்டம்வரை தாங்கும். யாரும் பார்க்காத வரிக்கு விளக்கு வெளிச்சத்தைத் தவிர வேறு ஆதரவு இல்லை. இது அம்புக்குறிக்கு மெல்லப் புரிந்தது. அதன்பின் கூட்டம் முடிந்து எல்லோரும் போனதும் அவர் ப்ரொஜெக்டரை அணைக்காமல் விட்டார். கேட்டவர்களிடம், சூடு ஆறவேண்டும், உடனே அணைத்தால் பல்பு போய்விடும் என்றார். அந்தச் சாக்கு பல வருடம் ஓடியது. ஆளில்லாத அறையில் சூரியன் உதித்துக்கொண்டே இருந்தது. குன்று தன் இடத்துக்கு வந்தது, பாதை வலப்பக்கம் ஏறியது, அரிசி போய்ச் சேர்ந்தது. உணவு விநியோகம் மறுபடி எண்பதுக்கு இறங்கியதைப் பட்டாலியனில் யாரோ நூறாகவே விட்டுவைத்தார்கள். கூட்டம் நடக்கிற நேரத்தில் மட்டும், மற்ற ஸ்லைடுகளுக்காக, முகாம் தினமும் இல்லாமல் போய் வந்தது. அங்கிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. கைக்கடிகாரம் பின்தங்குகிறது என்று மட்டும் குறைபட்டார்கள். மச்சினன் மூன்று கடிகாரம் மாற்றினான்.

அம்புக்குறி விடுப்பு எடுக்கவில்லை. மாமனார் இறந்தபோதுகூட மனைவியை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு அறையில் இருந்தார். மின்தடைக்கு ஜெனரேட்டர் பழகினார், பல்பு மாற்றப் பழகினார், பல்பு மாற்றுகிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகினார். கர்னல்கள் வந்தார்கள், போனார்கள். சண்டை யாரும் ஜெயிக்காமல் தானாகத் தேய்ந்து நின்றது. ஆறாவது முகாமின் ஆட்கள் குன்றிலிருந்து இறங்கித் தத்தம் ஊருக்குப் போனார்கள். மச்சினன் அக்கா வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். இனிமேல் என்ன, ஆள்தான் வீட்டுக்கு வந்துவிட்டானே என்று அம்புக்குறி அன்று முதன்முறையாகப் ப்ரொஜெக்டரை அணைத்தார். வீட்டில், சோற்றில் கை வைத்தபடி இருந்த தம்பி இல்லை. தட்டில் பிசைந்த சோற்றில் விரல் பதிந்த குழி இருந்தது. மனைவி செருப்புக்கூடப் போடாமல் தலைமையகத்து வாசலுக்கு ஓடிவந்து நின்றாள். அவர் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தார், திரும்பிப் போய் விளக்கைப் போட்டார்.

பிறகு புது ஜெனரல் வந்தார். அவருக்கு ஸ்லைடு என்றால் ஆகாது. இத்தனை வருடம் இந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லோருக்கும் புத்தி மழுங்கிவிட்டது, இனி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் காகிதத்தில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார். நியாயமான பேச்சு, பல பேர் மனசுக்குள் கை தட்டினார்கள், அம்புக்குறியும் தட்டினார். காகிதத்தைப் பழைய ஸ்லைடைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தார்கள் என்பதால் அதிலும் ஐந்து முகாம்தான் ஏறியது. ப்ரொஜெக்டர்களைக் கழித்துக் கட்டச் சொல்லி உத்தரவு வந்த மாதமே அம்புக்குறிக்கும் ஓய்வு வந்தது. பிரிவு உபசாரத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த அறையிலிருந்த ப்ரொஜெக்டரைக் கேட்டார். பாவம், வேலைமேல் எவ்வளவு பற்று என்று கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அது படுக்கையறையில் ஓடுகிறது. பெரிய சுவர் அது ஒன்றுதான். அலமாரியை நகர்த்தி, மாட்டியிருந்த படங்களை எல்லாம் கழற்றி, மனைவி இடம் செய்துகொடுத்தாள். மச்சினன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கல்யாணத்தன்று மின்சாரம் போய் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் இல்லாமல் போனதை, பெண் வீட்டார் பெரிய மனதோடு கண்டுகொள்ளாமல் விட்டார்கள். மற்ற முகாம்காரர்கள் எந்தெந்த ஊரிலோ கடை வைத்திருக்கிறார்கள், கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறார்கள். அந்தச் சுவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அம்புக்குறியும் மனைவியும் உதயசூரியனுக்கு எதிரே படுத்துத் தூங்கப் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொண்டார்கள் என்று சொல்வதுதான், அம்புக்குறி தூங்கிப் பல வருடமாகிறது. கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்குகிறது. ஒரே ஒருநாள் இருட்டில் கண்ணை மூடவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினன் மகளோடு சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடித்து, மாமா எங்கே என்று அறைக்குள் எட்டிப் பார்த்தான். அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவன் சுவரில் இருந்ததைப் படித்தான். மலையின் இருட்டில் இருந்த சின்ன எழுத்தையும் கிட்டத்தில் போய்ப் படித்தான். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் மந்தமானவன் இல்லை, புரிந்துகொண்டான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“மாமா,” என்றான். “ஒரு நாள் அணைச்சிட்டுத் தூங்குங்களேன். எனக்குத் தெரியவா போகுது?”

அம்புக்குறி துண்டை எடுக்கவில்லை. வாசற்படியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அவன் அக்காதான் பதில் சொன்னாள்.

“எங்களுக்குத் தெரியுமேடா,” என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டினான். மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து கணவருக்குப் பக்கத்தில் படுத்தாள். அவர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துக்கொண்டார்.