அழித்துவைத்த செமிகோலன்

ஜெயசித்ரா ஓசூருக்குப் போனது தை மாதம். மருமகளுக்கு இரட்டைக் குழந்தை. மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினாள். ஆவணி பிறந்துவிட்டது. ரெட்டிபாளையத்து வீட்டில் இளையபெருமாள் தனியாக இருந்தார்.

சிமெண்ட் ஆலையில் அவர் எலக்ட்ரீஷியன். காலை ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. சாயங்காலம் மனைவிக்குப் போன் போடுவார். "சாப்ட்டீங்களா?" என்பாள். அவர் பதில் சொல்வதற்குள் ஒரு குழந்தை அழும், அதைப் பார்த்து இன்னொன்றும் அழும். "அப்புறம் கூப்பிடுறேங்க" என்று வைத்துவிடுவாள்.

ஒருநாள் மோட்டாரைப் போட்டுவிட்டு அசந்து தூங்கிப்போனார். மாடித்தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு மலர்க்கொடி காயவைத்திருந்த மிளகாய் முழுக்க நனைந்துவிட்டது. அவள் சண்டைக்கு வரவில்லை. "அக்கா இருந்தா தண்ணி விழுற சத்தத்த வச்சே நிறுத்திடுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மிளகாயை அள்ளினாள். தொட்டி நிரம்பினால் தானாக மோட்டாரை நிறுத்துகிற கருவி ஒன்றைச் செய்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் அறிவரசனிடம் புரோகிராம் ஏற்றினால் அதன்படி வேலை செய்கிற அர்டுயினோ போர்டு ஒன்றும், தண்ணீர் மட்டத்தை அளக்கிற சென்சாரும், மோட்டாரை அணைக்கிற ரிலே சுவிட்சும் வாங்கினார். "புரோகிராம்ல ஏதாச்சும் சிக்கல்னா கூப்பிடுங்க சார்" என்று அவன் நம்பர் கொடுத்தான்.

ஒயரிங் அவருக்கு அரைமணி நேர வேலை. புரோகிராம்தான் படியவில்லை. மகனுடைய பழைய லேப்டாப்பில் யூடியூபைப் பார்த்து ஒற்றை விரலால் தட்டி முடித்து பட்டனை அழுத்தினால், கீழே கறுப்புக் கட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் எரர் வரிசையாக வந்து விழுந்தது. போன் போட்டார்.

"முதல் எரர மட்டும் படிங்க சார். மத்ததெல்லாம் அது பெத்ததுதான்" என்றான் அறிவரசன்.

எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"சென்சாருக்கு வச்ச பேர மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி எழுதியிருப்பீங்க. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதுக்கு வேற வேற ஆளு."

அப்படித்தான் இருந்தது. திருத்தியதும் இருபது வரி ஒரே அடியாக மறைந்தது. மறுநாள் வேறொன்று. எங்கேயோ ஒரு பிராக்கெட்டை மூடாமல் விட்டிருந்தார். பைலை வாட்ஸ்அப்பில் வாங்கித் தேடிக்கொண்டே, "வூட்டுல யாரும் இல்லீங்களா சார்? சமையல் யாரு?" என்று கேட்டான் அறிவரசன். நானேதான், ரசமும் அப்பளமும் என்றார். ரசத்துக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா போடுங்க என்றான் அவன். பதினெட்டு நிமிஷம் பேசியிருந்தார்கள்.

அவன் சரிசெய்து அனுப்பிய பைல் எரர் இல்லாமல் போர்டில் ஏறிவிட்டது. தொட்டி நிரம்பியதும் ரிலே டக்கென்று அணைந்து மோட்டார் நின்றது. மலர்க்கொடியிடம் காட்டலாம் என்று எட்டிப் பார்த்தார், கதவு பூட்டியிருந்தது. அறிவரசனிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்தார். சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்குக் கூப்பிடுவது? எடுத்த போனை அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரியின் கடைசியில் இருந்த செமிகோலனை அழித்தார். பட்டனை அழுத்தினார். ஆரஞ்சு வரி வந்தது.

"தம்பி, இன்னொரு எரர்."

இப்படி மூன்று நாள், தினம் ஒரு செமிகோலன். நாலாம் நாள் அறிவரசன் பைலை அனுப்பச் சொன்னான். அனுப்பினார். அந்தப் பக்கம் மௌஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், நான் சரி பண்ணி அனுப்புன பைலும் என்கிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறேன். அதுல இருக்குற செமிகோலன் இதுல இல்ல. வேற ஒரு எழுத்துகூட மாறல."

"கை பட்டு அழிஞ்சிருக்கும்."

"இருக்கும் சார்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஓடிருச்சு தம்பி. நீ அனுப்புன அன்னைக்கே ஓடிருச்சு" என்றார்.

"கடைல ஆள் நிக்குது சார்" என்று வைத்துவிட்டான்.

எட்டு நாள் அவர் கூப்பிடவில்லை. நினைக்கும்போதெல்லாம் கூசியது. மோட்டார் அதுபாட்டுக்கு ஓடி, அதுபாட்டுக்கு நின்றது. ஜெயசித்ராவிடம் அதைச் சொன்னபோது, "அப்ப நான் இல்லாமலே எல்லாம் நடக்குது" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் நாள் அறிவரசனே கூப்பிட்டான். "என்ன சார், சத்தத்தையே காணோம்?"

"எரர் ஒண்ணும் இல்ல தம்பி."

"எரர் இருந்தாதான் கூப்பிடணுமா? சும்மா கூப்பிடுங்க. ஆனா இல்லாதத இருக்குன்னு சொல்லித் தேட விடாதீங்க. அன்னைக்கு வந்த ஆளத் திருப்பி அனுப்பிட்டு உக்காந்து தேடுனேன்."

"தப்புதான்."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பக்கம் யாரோ கடையேறி வந்து ரிமோட்டுக்கு பேட்டரி கேட்டார்கள். "இருங்க சார், கட் பண்ணாதீங்க" என்று அறிவரசன் போனை மேஜைமேல் வைத்தான்.

இளையபெருமாள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டிராயர் இழுபடும் சத்தம். பேட்டரி நாள்பட உழைக்குமா என்று ஒரு பெண்ணின் குரல். வெளியே துறையூர், துறையூர் என்று கண்டக்டர் கூவுவது. ஹாரன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ வியாபாரத்தப் பாரு தம்பி, நான் வைக்கல."