ஔதா கொடுத்த முகம்

என் அண்ணன் ஔதாவின் முகத்தை நம்பித்தான் ரும்மானப் பள்ளத்தாக்கை மூடினோம். எங்கள் மலையில் பத்திரமும் முத்திரையும் அப்புறம்தான். ஓர் ஆண் நாலு பேர் முன்னால் தாடியைத் தொட்டு, "இது என் முகத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சுக்கு அவன்தான் ஜாமீன். யார் மீறினாலும் அது அவன் முகத்தில் அறைந்த மாதிரி. அதனால் சும்மா ஒருவனும் முகம் கொடுக்க மாட்டான்.

கெய்ரோவிலிருந்து தோட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். தார்ச்சாலையை ஒட்டிக் கம்பிவேலி போட்டு, குழாய் இழுத்து, மலையிலுள்ள மருந்துச் செடிகளையெல்லாம் ஒரே இடத்தில் வளர்க்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் தலைவர் டாக்டர் இஹாப். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். எங்கள் ரொட்டியைத் தின்றார், எங்கள் குழந்தைகளின் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொண்டார். அவர் கேட்டது இதுதான்: ரும்மானத்தில் மூன்று வருஷம் ஆடு ஏறக் கூடாது, யாரும் செடி பறிக்கக் கூடாது. தோட்டம் விதை மட்டும் எடுக்கும், வேரைத் தொடாது. மூன்று வருஷம் கழித்துப் பள்ளத்தாக்கு எங்களுக்கே திரும்பி வரும், நிறைந்து வரும்.

அவருக்கு முக்கியமாக வேண்டியிருந்தது ஸஃதரான். அது நெஞ்சுச் சளிக்குக் கஷாயம் வைக்கிற செடி. எங்கள் பக்கத்தில் ரும்மானத்தின் மேல்சரிவை விட்டால் வேறெங்கும் கிடையாது.

ஆண்கள் உடனே தலையாட்டினார்கள். ஏன் ஆட்ட மாட்டார்கள்? ஆடு மேய்ப்பது அவர்களா?

"ஏண்டி ஹம்தா, மூணு வருஷம் என் ஆட்டுக்கு டாக்டர் வந்து ஊட்டி விடுவாராமா?" என்று கேட்டாள் மப்ரூகா. எங்கள் பெண்களிலேயே அவளுக்குத்தான் ஆடு அதிகம், வாயும் அதிகம்.

"ஔதா முகம் குடுத்திருக்கான்டி. என் அண்ணன்."

"உன் அண்ணன் முகத்தையா என் ஆடு மேயும்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் விடவில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் ஊற்றிய தேநீரையெல்லாம் குடித்து, ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன்: வேர் போகாது, இது என் வார்த்தை. நான் கணவனை இழந்தவள். எந்தச் சபையிலும் எனக்காகப் பேசுகிறவன் ஔதாதான். என் வீட்டுக்காரர் போன பிறகு என் வீட்டுக் கூரையைப் போட்டவன் அவன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லாருமே கஷ்டப்பட்டார்கள். மேய்ச்சல் இல்லாமல் மப்ரூகா பாதி மந்தையை விற்றாள். இரண்டாவது குளிர்காலத்தில் அவள் மகளுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. என்னிடம் வந்தாள். அவள் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள்.

"ஒரு பிடி ஸஃதரான் போதும்டி. நீ சரின்னு சொன்னா ஏறிப் பறிச்சுக்கிறேன்."

"எப்படிடி சொல்வேன்? அது ஔதா முகம்" என்றேன்.

திரும்பிப் போனாள். குழந்தையைக் கடற்கரையிலிருக்கிற தூர் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கப்புறம் மப்ரூகா என் வீட்டில் தேநீர் குடிக்கவில்லை.

மூன்றாவது வருஷக் கடைசியில் தோட்டத்தைத் திறந்தார்கள். யாரோ மந்திரி வந்தார். பெண்களை ரொட்டி சுடக் கூப்பிட்டார்கள். இரும்புத் தட்டைக் கவிழ்த்து, தீ மூட்டி, மெல்லிசு மெல்லிசாகச் சுட்டுப் போட்டோம். வந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஔதா புதுச் சட்டை, தொப்பியோடு வாசலில் நின்றான். அவனைக் காவலாளாக எடுத்திருந்தார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தான்.

உள்ளே வரிசையாக ஸஃதரான், முட்டி உயரத்துக்கு, புதர் புதராக. விதையிலிருந்து வளர்த்தது என்று டாக்டர் இஹாப் மந்திரியிடம் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பார்த்தாயாடி என்கிற மாதிரி மப்ரூகாவைப் பார்த்தேன். அவள் மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தடை நீங்கிற்று. பெண்கள் எல்லாரும் ஆடுகளோடு ரும்மானத்துக்கு ஏறினோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி குலவை போட்டுக்கொண்டு போனோம். கீழே பசேலென்றுதான் இருந்தது. மேல்சரிவுக்கு ஏறியதும் குலவை நின்றது.

ஸஃதரான் ஒன்றுகூட இல்லை. செடி நின்ற இடத்திலெல்லாம் வட்ட வட்டமாகக் கல் நிரப்பியிருந்தது. நான் உட்கார்ந்து ஒரு வட்டத்தைக் கிளறினேன். கல்லுக்கு அடியில் புழுதி, அதற்கும் கீழே கடப்பாரை இறங்கிய தடம். வேரோடு பெயர்த்திருக்கிறார்கள்.

மப்ரூகா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கெய்ரோக்காரன் குழி தோண்டினா அப்படியே போட்டுட்டுப் போவான். இதைப் பாரு, கல்லை அடுக்கி, மேலே தட்டி மூடியிருக்கு. ஆட்டுக் கால் சிக்கிடக் கூடாதுன்னு நம்ம ஆளுங்கதான் இப்படி மூடுவாங்க. நம்மள்ல ஒருத்தன்தான், ஹம்தா."

அவள் சொன்னது சரிதான். எங்களில் திருடனுக்கும் அந்தப் பழக்கம் விடாது.

"யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. உன் வார்த்தையைக் கேட்டுத்தான் நாங்க பட்டினி கிடந்தோம்" என்றாள். மற்றவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து நேராக ஔதா வீட்டுக்குப் போனேன். உடம்பெல்லாம் கொதித்தது. அவனுக்காகத்தான் கொதித்தது, அதைச் சொல்லியாக வேண்டும். என் அண்ணன் முகத்தில் எந்த நாய் அறைந்தது என்றுதான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன்.

அவன் முற்றத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எழுந்திரு. ரும்மானத்துல ஒரு ஸஃதரான்கூட இல்ல. உன் முகத்தை வெட்டிட்டாங்க. கறுப்புத் துணியை எடு."

எங்கள் வழக்கத்தில் முகம் வெட்டுப்பட்ட ஜாமீன், வழிகள் சேரும் இடத்தில் கறுப்புத் துணியை உயர்த்தி, மீறியவன் பெயரைக் கூவுவான். அந்தத் துணி இறங்கும்வரை பெயர் பட்டவனுக்கு ஒருவனும் பெண் கொடுக்க மாட்டான், அவன் சாட்சியம் எங்கும் எடுபடாது.

ஔதா எழுந்திருக்கவில்லை. தேநீர்ப் பாத்திரத்தை வைத்தான். சர்க்கரையைப் போட்டான். அப்புறம் கேட்டான்.

"ஆடு எதுக்கும் கால் ஒடியலையே? குழியெல்லாம் நல்லாத்தானே மூடியிருந்துச்சு?"

நான் குழியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவனுக்கும் உடனே தெரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தான்.

"விதை முளைக்கல, ஹம்தா. ரெண்டு வருஷம் போட்டுப் பார்த்தாங்க, ஒண்ணுமே வரல. மந்திரி வர்றப்ப பாத்தி காலியா இருந்தா தோட்டத்தையே மூடிடுவாங்கன்னு டாக்டர் அழாத குறை. காவல் வேலை தர்றேன்னாரு. எனக்கும் வயசாகுது."

"என்னை வீடு வீடா அனுப்பினியே, அண்ணே."

"நான் அனுப்பலையே. நீயாத்தான் போனே."

நாக்கூசாமல் சொன்னான். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. செடி போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

"செடி எங்கேயும் போயிடல. அதே செடிதான், தண்ணி பாய்ச்சி நல்லா வச்சிருக்கோம். உனக்கு டிக்கெட்கூட வேண்டாம், நான் வாசல்லதானே நிக்கிறேன்? விட்டுடுறேன்" என்றான்.

"மப்ரூகா புள்ளைக்கு ஒரு பிடி இல்லேன்னேன். உன் முகம்னு சொல்லி இல்லேன்னேன்."

"சத்தம் போடாதே. துணி கட்ட வேண்டியது ஜாமீன். ஜாமீன் நான். என் மேல நானே கட்டிக்கவா? உனக்காகச் சபையில பேச வேண்டியவனும் நான்தான். போய்ப் படு. அந்தப் பொம்பளைங்ககிட்ட யாரோ வெளியூர்க்காரன்னு சொல்லிடு."

எனக்கிருந்த எல்லாக் கதவையும் சாத்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டியிருக்கிறான். ஊற்றித் தந்த தேநீரைத் தொடாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அவன் போட்ட கூரைக்குக் கீழே படுத்தேன். வெளியூர்க்காரன் என்று ஒரு பொய் சொன்னால் அண்ணன் மிஞ்சுவான். உண்மையைச் சொன்னால் என் வார்த்தை மிஞ்சும். இரண்டும் மிஞ்சுகிற வழி ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

பொழுது விடிந்ததும் என் பழைய கறுப்பு மேல்துணியையும் ஒரு கூடாரக் கம்பையும் எடுத்துக்கொண்டு சாலை பிரியும் இடத்துக்குப் போனேன். மலைக்குப் போகிறவர்களும் தோட்டத்துக்குப் போகிறவர்களும் அங்கே பிரிவார்கள். மப்ரூகா முன்பே வந்து கல்மேல் உட்கார்ந்திருந்தாள். கம்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. எழுந்து வந்து கம்பை நட்டுக் கல் அடுக்கினாள்.

அதுவரை ஒரு பெண்ணும் அங்கே துணி கட்டியதில்லை. ஆண்கள் லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கூவினேன். சொந்த அண்ணன் பெயரை, அப்பா பெயரையும் சேர்த்து, தொண்டை கிழியக் கூவினேன். அந்த அப்பா எனக்கும் அப்பாதான்.

ஔதா வேலைக்குப் போக அந்த வழியாகத்தான் வர வேண்டும். தொப்பியோடு வந்தான். துணியை நிமிர்ந்து பார்த்தான். என் கை இன்னும் முடிச்சில்தான் இருந்தது. தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆண்டவன் சாட்சியாக, நான் அவிழ்த்திருப்பேன்.

"ஹம்தா, டாக்டர் பார்த்தா வேலை போயிடும்" என்றான்.

முடிச்சை இழுத்து இறுக்கினேன்.