வளைவில் இரண்டு ஹார்ன்

ஓய்வு பெற்ற நான்கே மாதத்தில் அந்த பஸ் டிரைவர் மூன்று பொழுதுபோக்குகளைக் கைகழுவிவிட்டார். செடி வளர்த்தார், தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுகவைத்தார். புல்லாங்குழல் ஊதினார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்தார். சதுரங்கத்தில் மனைவியிடமே தோற்று, காய்களைப் பரணில் ஏற்றினார்.

நாலாவது, ஓவிய வகுப்பு.

"இதாவது தேறட்டும். இல்லேன்னா நாள் பூரா என் பின்னாடியே சுத்துவீங்க," என்றாள் மனைவி.

அவருக்கும் உள்ளூர பயம்தான். வண்டி இல்லாமல் தான் யார் என்று காலையில் எழுந்ததும் விளங்குவதில்லை.

தெரிந்த இடத்தை வரையச் சொன்னார்கள். முப்பத்து நான்கு வருடம் ஓட்டிய பாதையை வரைந்தார். வேகத்தடை, குழி, ஒட்டுப்போட்ட தார், எல்லாம் அச்சு அசல். இரண்டு பக்கமும் மட்டும் வெறும் வெள்ளை.

"ஓரத்துல என்ன இருக்கு, ஐயா?" என்றாள் ஓவிய டீச்சர்.

"தெரியலையேம்மா. நான் ரோட்டைத்தானே பார்த்தேன்."

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து தூரிகைகளையும் பரணில் ஏற்றப் போனார். மனைவி ஸ்டூலைத் தரவில்லை.

"நாளைக்குக் கிளம்புங்க. பார்த்துட்டு வரலாம்."

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்குப் போய், அவர் ஓட்டிய அதே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அவருடைய வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே இருந்தது. மனைவி முழங்காலைத் தட்டினாள்.

"அவர் ஓட்டுவார். நீங்க வெளியே பாருங்க."

பார்த்தார். ஒரு கடிகாரக் கடை; ஒவ்வொரு கடிகாரத்திலும் ஒரு நேரம். மொட்டை மாடியில் ஒருவர் நாய்க்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஒரு சுவர் முழுக்க ஊதாப் பூ. எல்லாம் தண்ணீருக்கடியில் நகர்வதுபோல் மெல்ல நகர்ந்தன. இத்தனையும் தன் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறதே என்று ஜன்னல் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார்.

அவர்கள் வீடு இருக்கும் வளைவு நெருங்கியது. அங்கே தினமும் மனைவிக்காக இரண்டு தட்டு ஹார்ன் அடிப்பார். திரும்பிப் பார்த்ததே இல்லை. ஐம்பது உயிர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எங்கே பார்ப்பது?

"நிஜமாவே தினமும் நம்ம வீட்டு ஜன்னல்ல நின்னியா?" என்று கேட்டார். வாழ்நாளில் இவ்வளவு கூச்சப்பட்டு எதையும் கேட்டதில்லை.

"நிக்கலைன்னா இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

மூன்றாவது மாடி ஜன்னல் காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது புது டிரைவர் இரண்டு தட்டு ஹார்ன் அடித்தார். வண்டியை ஒப்படைத்த அன்று இவர்தான், உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, 'அது மோசமான வளைவு, கட்டாயம் ரெண்டு தட்டு தட்டணும்' என்று சொல்லியிருந்தார்.

பக்கத்தில் மனைவியின் கை தானாக உயர்ந்தது. தெருவைப் பார்த்து மெதுவாக அசைந்தது. கணவர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று பைக்குள் ஒளிந்தது.

"பழகிப்போச்சு," என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அன்று சாயங்காலம் ரோட்டின் ஓரத்து வெள்ளையில் அவர் முதலில் வரைந்தது அந்தக் கையைத்தான்.