செத்தவர் தலை கறுத்தது

படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையின் பெயர் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர். ஒரே காட்சியை இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒட்டிப் பார்க்கும்போது நடிகையின் கம்மல் மாறியிருக்கக் கூடாது. உடைந்த சட்டைப் பொத்தான் தானாக முளைத்திருக்கக் கூடாது. அதைக் கவனிப்பது அவள் பொறுப்பு.

வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. சண்டைக்கு நடுவில் கணவர், "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டால் போதும். "ஜன்னல் பக்கம் நின்னு, துண்ட இடது தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னீங்க" என்பாள். இப்போதெல்லாம் அவர் சண்டை போடுவதென்றால் வெளியே போய், போனில்தான் போடுவார்.

அந்தச் சமயம் அவள் வேலை பார்த்த தொடரில் குடும்பத் தலைவர் சாகவேண்டிய கட்டம். அந்த வேடத்தில் நடித்த பெரியவருக்குத் தும்பைப்பூ மாதிரி தலைமுடி. முதல் நாள் முழுக்கக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மகன்கள் அழுது முடித்தார்கள். மூத்த மருமகள் மார்பில் விழுந்து கதறுவது மட்டும் மறுநாளைக்கு மிச்சம்.

மறுநாள் மதியத்துக்குச் சற்று முன் அவர் வந்து இறங்கினார். தலை கருகருவென்று மின்னியது.

கழுகக்கா ஓடிப்போய் எதிரில் நின்றாள். "ஐயா! என்னய்யா இது, தலை?"

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நேத்து வெள்ளை முடியோட செத்தீங்களே!"

பெரியவர் தலையைத் தடவிக்கொண்டார். "கழுவினா போயிடும்னாங்க. ரெண்டு தடவ தேச்சுக் குளிச்சேன். எனக்குத்தான் தோல் உரிஞ்சுது."

டைரக்டர் ஓடிவந்தார். "நேத்து வயசாகிச் செத்தவரு, இன்னைக்கு மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்காரு! பார்க்கிறவங்க இவருக்காக அழுவாங்களா, இல்ல பொண்ணு குடுக்க வருவாங்களா? யார் செஞ்ச வேலை இது?"

பெரியவர் வாயே திறக்கவில்லை. நேற்றுப் பூராவும் பிணமாகக் கிடந்து பழகியது உதவியது.

வேறு வழியின்றி முகப்பவுடரைத் தலையில் கொட்டினார்கள். ஹேர் டிரஸ்ஸர் அம்மா குனிந்த தலை நிமிராமல் பூசிவிட்டாள். சாதாரணமாக அவள் வாய் ஓயாது. அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

மருமகள் ஓடிவந்து விழுந்தாள். "மாமா! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பியது. போன மாமா பலமாகத் தும்மினார்.

"ஆயுசு நூறு!" என்றார் லைட்காரர்.

அடுத்த முறை மருமகள் தும்மினாள். அதற்கடுத்த முறை பிணத்துக்கே சிரிப்பு வந்து வயிறு குலுங்கியது. தலையில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. சுண்ணாம்பு அடித்துக் கைவிட்ட சுவர் மாதிரி இருந்தது.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "சாப்பாட்டு நேரம் முடியிறதுக்குள்ள ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும். அவங்களுக்கு நாளையிலேர்ந்து இங்க வேலை கிடையாது. கழுகு, உன் கண்ணுக்குத் தப்பாது. கண்டுபிடி."

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பவுடர் பூசிய விரல்களின் நுனியில் கறுப்புக் கறை. நேற்று அந்த விரல்கள் சுத்தமாக இருந்தன. கழுகக்கா மேக்கப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏங்க்கா? நாள் முழுக்க முடியோடயே கிடக்குற நீங்களே இப்படிச் செய்யலாமா?"

ஹேர் டிரஸ்ஸர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "காலைல பதிவு ஆபீஸ் போய்ட்டு வந்தோம்டி. கையெழுத்துப் போட்டாச்சு."

"எந்தக் கையெழுத்து?"

"கல்யாணக் கையெழுத்துதான். வேற எதுக்கு அங்க போவாங்க?"

கழுகக்கா பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அவருக்கும் ஆளில்ல, எனக்கும் ஆளில்ல. ரெண்டு வருஷமா தினமும் பெரியவர் தலையத்தான் வாரிவிடறேன். எல்லாம் கதைக்காக. ஒரு நாளாவது எனக்காக அதை அலங்காரம் பண்ணிப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. கழுவினா போயிடும்னு சாய டப்பாவுல போட்டிருந்தான், பாவி."

"ரெண்டு வருஷமா? என் கண்ணு முன்னாலயா? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"நீ அவர் பொத்தானத்தானே பார்த்துக்கிட்டிருந்த."

கழுகக்காவுக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு, என்ன காரணமோ, கண் கலங்கியது. எழுந்து போய் டைரக்டர் முன்னால் நின்றாள்.

"யாரு?"

"மறந்துட்டேன் சார்."

டைரக்டர் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே!"

"சார், அது கிடக்கட்டும். பிணம் படுத்திருக்கிற இடத்துல கேமராவ வைங்க. மருமக கேமராவப் பார்த்து விழுந்து அழட்டும். தலையே தெரியாது."

"செத்தவரு எப்படிம்மா பார்ப்பாரு?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "ஆவி சார்."

டைரக்டர் கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டார். "ரொம்ப நாளா நான் மனசுல வச்சிருந்தது இதுதான்" என்றார்.

மருமகள் கேமராவைக் கட்டிப்பிடித்து அப்படிக் கதறினாள். லைட்காரரே மூக்கைச் சிந்தினார். டிவி நிலையத்தாருக்கு அது மிகவும் பிடித்துப்போய், ஆவியைக் கதையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிணமாகி வீட்டுக்குப் போகவேண்டியவருக்கு வேலை நீண்டது. ஆவிக்கு ஏது நரை என்று தலையையும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மணமக்கள் தளத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். டைரக்டர் வாயில் போட்டுக்கொண்டு, "எப்ப கல்யாணம்?" என்றார். தலை கறுத்த அன்றைய தேதியைச் சொன்னார்கள். அவர் மெல்லுவதை நிறுத்திப் பெரியவர் தலையைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார், கடைசியில் கழுகக்காவைப் பார்த்தார். அவள் விளக்குக் கம்பத்தை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க சார்" என்றாள் புதுப்பெண். எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே ஆவியின் முதல் காட்சி. பெரியவர் வாசலில் தயாராக நின்றார். கழுகக்காவுக்குப் புதுத் தலைவலி தொடங்கியது.

"சார், கதவு சாத்தியிருக்கு. ஆவி அப்படியே உள்ள புகுந்து வருமா, இல்ல தட்டிட்டு வருமா?"

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"மருமக தனியா இருக்கா. தட்டிட்டே வரட்டும்."