மரியாதை தெரிஞ்ச முதலை

கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு சாமான் பிடித்துப்போனால் கடைக்குப் போய் வாங்க மாட்டார்; அதைச் செய்கிற கம்பெனியையே ஆரம்பித்துவிடுவார். பம்புசெட் தொழில் செய்துவந்த கிருபாசங்கரும் அந்த ரகம்தான். மகள் கனிஷ்கா பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தபோது கேபிள் போய்விட்டது. பிள்ளை அழுது, சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டாள். அடுத்த மாதமே உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் 'ஜிலேபி டிவி' பிறந்துவிட்டது.

முதல் சில வாரங்களுக்கு ஒரே படத்தைக் காலை, மதியம், மாலை என்று போட்டார்கள், மாத்திரை கொடுப்பது போல. பிறகு எங்கோ வெளிநாட்டிலிருந்து ஐம்பத்திரண்டு பாகங்கள் வந்து சேர்ந்தன. ஒரு முதலை, நிறைய முயல்கள். கதை என்னவென்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம்கூட உடன் வரவில்லை. அது எந்த ஊர்ப் பாஷை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாயசைவைப் பார்த்து இவர்களே கதை கட்டினார்கள்.

முதலைக்குக் குரல் கொடுக்க வந்தவருக்கு முதல் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. 'படம் தெரியலை' என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்ல ஆபீசில் இளவேனில் என்றொரு பெண் இருந்தாள். கிருபாசங்கர் அவளை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அம்மணி, இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்க முதலையாப் பேசிப்போடுங்க."

இளவேனில் சென்னிமலைக்காரி. கடிக்க வரும் நாயிடம்கூட 'கொஞ்சம் தள்ளிக்குங்க' என்று சொல்லும் குடும்பம். குரலைத் தடிப்பாக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னால் முடிந்த மட்டும் கொடூரமாகப் பேசினாள்.

"ஏனுங்க முயலு, ஊட்டுல இருக்கறீங்களா? கதவைக் கொஞ்சம் தொறங்க. உங்களைத் திங்கலாம்னு வந்தனுங்க."

திருத்தி எடுக்க நேரமில்லை. ஐந்து மணிக்கு அப்படியே ஒளிபரப்பானது. ஐந்தரைக்கெல்லாம் போன் அலறத் தொடங்கியது. எடுத்தால், சின்னச் சின்னக் குரல்கள், "முதலைகிட்டக் குடுங்க" என்றன. வேறு யார் இருக்கிறார்கள்? "முதலைதானுங்க பேசறேன்" என்றாள் இளவேனில்.

ஒரு நாள் வேலை ஒன்பது வருஷமானது; பாகங்கள் தீர்ந்ததும் அதே படத்துக்கு வேறு கதை கட்டிப் பேசினார்கள். ஆனைமலையிலும் தாராபுரத்திலும் பிள்ளைகள் தட்டிலிருக்கும் இட்லியிடம் 'உங்களைத் திங்கலாம்னு வந்தனுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைத்தார்கள். இளவேனிலுக்கு அந்த முதலை மேல் கொள்ளைப் பிரியம். ஊரில் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அவள், மைக் முன்னால் மட்டும் ஒரு ஆற்றுக்கே ராஜா.

இந்த வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று ஜிலேபி டிவியைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோக முன்வந்தது. நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சரிசெய்ய நவ்யா என்ற அதிகாரி வந்தார். நல்ல மாதிரிதான், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் கறார். முதலை பேசியதை மூன்று நிமிஷம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"வில்லன்னா பயம் வரணும் மேடம். இது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த மாதிரி இருக்கு. நாங்க சென்னையில வேற குரல் போட்டுக்கறோம்."

இளவேனில் குறுக்கே வந்து நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக மேலதிகாரியை மறித்துப் பேசினாள். "ஒரே ஒரு வாய்ப்புக் குடுங்க. மரியாதையில்லாமப் பேசிக் காட்டறனுங்க."

நவ்யா யோசித்தார். "சரி. சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவோம். அவங்க ரசிச்சா நீங்க. இல்லேன்னா சென்னைக் குரல்."

ஒன்பது முறை பேசினாள். ஒன்பது முறையும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து உட்கார்ந்துகொண்டது. பத்தாவது முறை, நாக்கைக் கிள்ளாத குறையாக, "ஏய் முயலே, கதவைத் திற. உன்னைத் தின்ன வந்திருக்கிறேன்" என்று சொல்லி முடித்தாள். யாரையோ கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி இருந்தது. முயலிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள்.

சனிக்கிழமை காலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். இளவேனில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு அறையில் நின்றாள். திரையில் முதலை கதவைத் தட்டியது. பிள்ளைகள் வசனத்தைக் கூடச் சொல்ல வாயைத் திறந்தார்கள். முதலை, "ஏய் முயலே" என்றது.

திறந்த வாய்கள் அப்படியே நின்றன. ஒரு சிரிப்பு இல்லை. எல்லாம் போச்சு என்று இளவேனில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து ரித்திகா எழுந்தாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. இடுப்பில் கைவைத்துத் திரையைப் பார்த்துச் சொன்னாள்: "மரியாதையாப் பேசுங்க."

பிறகு நவ்யா பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, எங்க முதலை எங்கீங்க?"

"இதுதாம்மா முதலை. முயலைத் தின்ன வந்திருக்கு. அது கெட்டது."

"கெட்டவங்கதானுங்க," என்றாள் ரித்திகா, இவ்வளவு பெரிய ஆளுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறதே என்ற பொறுமையோடு. "ஆனா மரியாதை தெரிஞ்சவங்க."

இளவேனிலின் கை தானாகவே மைக்கைப் போட்டது; வெளியே ஸ்பீக்கரில் பழைய முதலை பேசியது. "ஏனுங்க கண்ணு, கோவிச்சுக்காதீங்க. பசியில வாய் தவறிப்போச்சுங்க. முயலு, நீங்களும் மனசுல வெச்சுக்காதீங்க. மொதல்ல உங்களைத் திங்கறேன், அப்பறம் பேசிக்கலாமுங்க."

பாய் பறந்தது. பதினைந்து பேரும் போட்ட கூச்சலில் கிருபாசங்கர் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டு ஓடிவந்தார். நவ்யா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை; கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சென்னைக்குப் போன் போட்டார்.

"சார், முதலை இப்படியே இருக்கட்டும். இல்ல சார், மாத்தினா பிள்ளைங்க நம்மளத் திட்டறாங்க."

இளவேனில் கதவோரம் வந்து நின்றாள். கால் தரையில் நிற்கவில்லை, ஆனால் காதால் ஒருமுறை கேட்க வேண்டியிருந்தது. "அப்ப நானே இருக்கலாமுங்களா?"

"வேற யாரு? நீங்கதான் முதலை," என்றார் நவ்யா.

பிறந்ததிலிருந்து யாரும் இளவேனிலிடம் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.