கணவாயில் ஒரு புள்ளி

இடது கன்னம் முடிந்து வலது கன்னத்துக்கு நுரை தடவும்போதுதான் மாமா கண்ணைத் திறந்து கேட்டார்.

"என்ன அரசனே, கணவாய் திறந்தாச்சா?"

"பேசாதீங்க மாமா, பிளேடு பட்டுரும்."

"பட்டா என்ன, இனிமே பொண்ணா பாக்கப் போறாங்க?"

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். மருமகள் அவர் தாடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து மெல்ல மழித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து ஐந்து நாளாகிவிட்டது. முள்முகத்தோடு இருப்பது மாமாவுக்கு ஆகாது. முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியபோதும், எந்த ஊரில் விடிந்தாலும், பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து மழித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்புவாராம்.

"கேட்டதுக்குப் பதிலக் காணோம். ஜார்ஜியாக்காரன் பாவம், குதிரையோட பனியில நிக்கிறான்."

"யாரு சார் அது, சொந்தக்காரரா?" என்றாள் நர்ஸ்.

"என் படைம்மா. எண்ணூறு குதிரை. அத்தனையும் என் மருமக பெத்துப் போட்டது."

நர்ஸ் மருமகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவளுக்கு எப்படி விளங்கும்? மருமகளுக்கு அச்சகத்தில் வேலை. பாட்டில்களுக்கு லேபிள் வரைவாள். வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை காத்திருக்கும். பழங்காலப் போர்களைக் கம்ப்யூட்டரில் நடத்துகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் இல்லாத நாடுகளை, ஆசைப்பட்டவர்கள் தாங்களே செய்து சேர்ப்பார்கள்; மோட் என்று அதற்குப் பெயர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத பதினோரு பேர் அப்படி ஒரு மோட் செய்தார்கள். நாடுகளைப் பங்கு போட்டபோது யாரும் கேட்காமல் மிஞ்சிக் கிடந்தது எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஜார்ஜியா. மலையும் திராட்சைத் தோட்டமும் கோட்டையுமாக ஒரு ராஜ்யம். மிஞ்சினதில்தான் ருசி என்று அதை இவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்று வருஷ வேலை. தலைக்கவசம், இரும்புச் சட்டை, சேணம், கொடி, மலைச்சரிவில் கல்கோபுரம். புத்தகத்தில் ஆதாரம் இல்லாமல் ஒரு பொத்தான்கூட வைக்கமாட்டாள். செய்ததை ஆடிப் பார்த்துக் குற்றம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. வீட்டில் சும்மா இருந்தவர் மாமா ஒருவர்தான். அந்த நாட்டை ஒரு பெண் ஆண்டாள், அவளையும் அரசன் என்றே சொன்னார்கள் என்று மருமகள் படித்துச் சொன்ன நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மாமா நன்றாகத்தான் ஆடினார். "குதிரைக்குத் தண்ணி காட்டாம எத்தன நாள் ஓட்டுவ?" என்று அவர் கேட்ட பிறகுதான் அவள் ஆற்றங்கரை வழிகளையே போட்டாள். தகராறு வந்தது இந்தக் கணவாயில். மலைக்கு வடக்கே போக இருந்தது ஒரே வழி. மூன்று வாரத்துக்கு முன்னால், "படை நகர மாட்டேங்குதும்மா, அங்க வழி இல்ல" என்றார். அச்சகத்தில் அன்று அவளுக்கு நல்ல பாட்டு விழுந்திருந்தது. அந்த எரிச்சலோடு எட்டிப் பார்த்தாள். அவர் விரல்கள் மவுஸின் மேல் படபடத்துக்கொண்டிருந்தன. நோய் அப்போதே கைக்கு வந்துவிட்டது.

"வழி இருக்கு மாமா. உங்க கைதான் நடுங்குது. தப்பான எடத்துல அமுக்குறீங்க."

அவர் மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் கதவோரம் கடந்து போகையில் அவள் பார்த்தாள். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே கணவாயில் அமுக்கிக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காதவள்போலப் போய்விட்டாள்.

இப்போது ஈரத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"வீட்டுக்கு வாங்க மாமா. ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்."

"அந்தப் பக்கத்துலேருந்தும் ஒருத்தன் வரல, கவனிச்சியா?" என்றார். பிறகு தாடையைத் தடவிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவள் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்தபோது நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வீடு கொள்ளாமல் ஆட்கள். மாமாவை மயானத்துக்கு எடுத்துப்போகப் பதினோரு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் வாசலுக்கும் கூடத்துக்குமாக, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்தான். அழுதானா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தன் கண்ணாடியை மட்டும் நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தான்.

மாமாவிடம் முப்பது வருஷம் கிளீனராக இருந்தவர் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். அவருக்கும் இப்போது தலை பஞ்சாகிவிட்டது. மருமகள் கொடுத்த டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"ஒரு தடவ மலை ரோட்டுல வண்டிய ஓரங்கட்டிட்டாரும்மா. 'வழி இல்லடா'ன்னாரு. எனக்குப் பாத்தா ரோடு பளிச்சுன்னு கெடக்கு. 'அண்ணே, தூக்கக் கலக்கமா'ன்னு கேட்டுட்டேன். வாய் நீளம் எனக்கு."

"திட்டுனாரா?"

"திட்டியிருந்தா தேவலையே. கம்முனு எறங்கிப் போய் ஒரு கல்லு மேல உக்காந்துட்டாரு. அப்பறம் சொல்றாரு, 'அரை மணியா எதிர்ல ஒரு வண்டி வரல, கவனிச்சியா'ன்னு. நடந்து போய்ப் பாத்தேன். பாலம் பேந்து ஆத்துல கெடக்கு." டீயை ஒரு வாய் குடித்தார். "அந்த வாய் வழி இல்லன்னு சொல்லிச்சுன்னா, இல்லதாம்மா."

"இன்னும் கொஞ்சம் டீ கொண்டாரேன்" என்று எழுந்தவள் அடுக்களைக்குப் போகவில்லை. மாமாவின் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

விளையாட்டின் பூமி முழுவதும் ஒரு படம்தான், புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்தது. பச்சை என்றால் புல்வெளி, பழுப்பு என்றால் ஏறக்கூடிய மேடு, சாம்பல் என்றால் யாரும் கால்வைக்க முடியாத சிகரம். கணவாய்க்கு அவள் வைத்தவை மூன்று பழுப்புப் புள்ளிகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றும் பழுப்பாகவே தெரிந்தன. லேபிள் வரைகிறவள் கண் அது. ஆனாலும் கண்ணை நம்பாமல் ஒவ்வொரு புள்ளிக்குமான வண்ண எண்ணை எடுத்தாள். முதல் புள்ளி சரி. மூன்றாவதும் சரி.

நடுப்புள்ளி பழுப்பே இல்லை. பக்கத்துச் சிகரத்தை நிரப்பும்போது தூரிகை நுனி பட்டு, பழுப்பேறிய சாம்பலாகிவிட்டிருந்தது. கண்ணுக்கு மேடு, கணக்குக்குச் சிகரம். பிரம்மாவே வந்து அமுக்கினாலும் அந்தப் படை நகர்ந்திருக்காது.

நாற்காலியில் மாமாவின் முதுகு அழுத்திய தலையணை பள்ளமாகவே இருந்தது. அவள் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மவுஸை எடுத்து அந்த ஒரு புள்ளிக்குப் பழுப்பு வைத்தாள்.

"அப்பாவோட அடையாள அட்டை எங்க வெச்ச?" என்றபடி புருஷன் உள்ளே வந்தான். திரையைப் பார்த்து நின்றான். மற்ற நாளென்றால், படை கிளம்பியாச்சா என்று கேலி செய்திருப்பான்.

"வழி அடச்சுத்தாங்க இருந்துச்சு" என்றாள். "நான் கை நடுங்குதுன்னு சொல்லிட்டேன்."

"நடுங்கத்தானே செஞ்சுது."

"படை நின்னது அதனால இல்ல."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை. "கோச்சுக்கிட்டாரா?"

"இல்ல. அதான் உறுத்துது."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மூன்று வருஷத்தில் இந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

"இப்போ போகுமா?"

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

மாமா நிறுத்திய இடத்திலிருந்து ஆட்டம் எழும்பி வந்தது. வெள்ளை மலைகளுக்குக் கீழே சிவப்புக் கொடியோடு ஒரு சின்னக் குதிரைக்காரன் நின்றான்.

"இவ்வளவுதானா? எண்ணூறுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரே."

"எண்ணூறு பேருக்கும் சேத்து ஒரு பொம்ம."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒரு சின்ன ஊரு. நாலஞ்சு வீடு. யாரும் போனதில்ல இன்னும்."

அவள் கணவாய்க்கு அப்பால் ஓரிடத்தில் அமுக்கினாள். குதிரை ஒருமுறை தலையைச் சிலுப்பிக்கொண்டு புறப்பட்டது.

வாசலில் ஹாரன் கேட்டது. "வண்டி வந்துருச்சு, தம்பி எங்க?" என்று கிளீனர் குரல் கொடுத்தார்.

அவன் எழுந்து போனான். "அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, அவளுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்தான். சிவப்புக் கொடிக்காரன் மேட்டில் பாதி ஏறியிருந்தான்.