பாதி விலைக் கூழ்

தராசில் ஸ்டானிஸ்லாஸ் வைத்ததைப் பார்த்துவிட்டு மீன்காரப் பச்சையம்மா கத்தியைக் கீழே போட்டாள்.

"இன்னா நைனா இது? மீனும் இல்ல, கறியும் இல்ல. நனைஞ்ச அட்டையாட்டம் கீது."

"மரக்கூழும்மா. பேப்பர் செய்வாங்களே, அது. எவ்ளோ காட்டுது?"

"அரைக் கிலோ. மசாலா தடவித் தரட்டா?"

அவர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து கண்டெய்னர் யார்டுக்குள் போனார். வெயிலில் கிடந்த தகரத்தின் மேல் கூழைப் பிய்த்து மெல்லிசாகப் பரப்பி, நாலு பக்கமும் கல் வைத்தார். திருவொற்றியூர் காற்றை நம்ப முடியாது. கொஞ்சம் தள்ளி ரஷீது நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை.

ராயபுரத்தில் இருவரும் சேர்ந்து கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறார்கள். கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு வெளியே எடுத்துத் தருவது தொழில். பார்ட்டியைப் பிடித்து வருவது ரஷீது. லைசென்ஸ் ஸ்டானிஸ்லாஸ் பெயரில், கையெழுத்தும் அவருடையது. வரியை மிச்சம் பிடிக்கப் பார்ட்டி சரக்கின் விலையைக் குறைத்துக் காட்டியிருந்தால் போவது அவர் லைசென்ஸ்தான். இந்த வயதில் அது போனால் வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

ரஷீது கொண்டுவந்த புதுப் பார்ட்டியின் மரக்கூழ்தான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. டன் விலை ரொம்பக் குறைவு. பிரேசில், பின்லாந்து, இந்தோனேசியா என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கூழ் என்ன விலைக்கு ஏற்றுமதியானது என்று வருஷம் வருஷமாக எடுத்து, கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியது, இறங்கினால் எல்லாம் இறங்கியது. ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தாலும் பெரிதாக இல்லை. இந்தப் பார்ட்டியின் சரக்கு மட்டும் எந்த வருஷத்தோடும், எந்த ஊரோடும் ஒட்டாமல் பாதி விலையில் தனியாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. போன் வந்தால் ரஷீது படிக்கட்டுக்குப் போய்ப் பேசுகிறார். மகள் நவ்ரீன் நிச்சயத்துக்கு அவ்வளவு பெரிய மண்டபம் எப்படிப் பிடித்தார்? கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று கேட்கவில்லை. ரஷீதிடம் சொல்லாமல், சரக்கைத் திறந்து சோதிக்கச் சொல்லித் தானே கஸ்டம்ஸில் எழுதிக் கொடுத்தார்.

அன்று காலையில் கஸ்டம்ஸ் ஆள் கண்டெய்னரின் சீலை உடைத்துவிட்டு நிழலுக்குப் போனார். விஷயம் தெரிந்து ரஷீதும் வந்திருந்தார். கதவைத் திறந்ததும் புளித்த வாசனை அடித்தது. முதல் வரிசைக் கூழ்க்கட்டின் மேல் கை வைத்தால் விரலுக்கிடையில் தண்ணீர் கசிந்தது. அதுவரை ஸ்டானிஸ்லாஸ் கையாண்டதெல்லாம் மொடமொடவென்று காய்ந்த கூழ். பில்லில் வெறும் மரக்கூழ் என்றுதான் போட்டிருந்தது.

"ஈரக் கூழு மாமு," என்றார் ரஷீது. "காயவெக்காம அப்டியே அமுக்கிக் கட்டி அனுப்புவான். பாதி தண்ணி. அதான் பாதி வெல."

"எங்கைல சொல்லவே இல்லியே பாய்."

"நீ கேக்கவே இல்லியே."

பாதி தண்ணீர்தானா என்று பார்த்துவிடலாம் என்றுதான் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு பச்சையம்மாவிடம் போனார்.

மதியத்துக்குள் கூழ் வெளுத்து, ஓரம் சுருண்டு, தொட்டால் சத்தம் போட்டது. இந்த முறை ரஷீதும் கூட வந்தார்.

"எரநூத்தி அறுவது," என்றாள் பச்சையம்மா. "பாதியக் காணோமே. வெயிலு துன்னுட்ச்சா?"

ரஷீது தராசைப் பார்க்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் முகத்தைப் பார்த்தார்.

"கணக்கு சரியாப் போச்சா?"

"சரிதான் பாய்."

இருவரும் யார்டுக்குத் திரும்பினார்கள். கண்டெய்னர் கதவு திறந்தே கிடந்தது. ஈரக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் இருட்டு. ஸ்டானிஸ்லாஸ் ஒரு நிமிஷம் நின்றார். வாசல் வரிசையில் மட்டும் ஈரக் கட்டுகளை வைத்துவிட்டு உள்ளே முழு விலைக்குரிய காய்ந்த கூழை அடுக்கியிருந்தால்? நினைக்கக்கூடாது என்று நினைப்பதற்குள் கண் உள்ளே போய்விட்டது.

ரஷீது அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார்.

"உள்ளாற கீறதும் பாக்கணும், இல்ல?"

வேண்டாம் என்று ஸ்டானிஸ்லாஸ் சொல்லியிருக்க வேண்டும்.

ரஷீது விசிலடித்து போர்க்லிப்ட் டிரைவரைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் எறக்கு நைனா. கடசீ கட்டு வரைக்கும்."

வண்டி முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது. சிமெண்ட் தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு விழுந்தது. ரஷீது முதுகைக் காட்டிக்கொண்டு கேட் பக்கம் நின்றார். அடுத்த கட்டுக்கு வண்டி உள்ளே போவதற்குள் வெயிலில் அந்தக் கோடு ஒரு முனையிலிருந்து காய ஆரம்பித்திருந்தது. ஸ்டானிஸ்லாஸ் இருட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.